போதும் என்று எப்போது சொல்வது?

நாய்க்குட்டி வாங்கியவர்கள் பயிற்சியாளரிடம் முதலில் விசாரிப்பது கட்டணத்தை. அடுத்த கேள்வி, "எத்தனை மாசத்துல முடியும் சார்?" அவரும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்வார். இரண்டு மாதம், மூன்று மாதம், அடம்பிடிக்கிற நாய் என்றால் நான்கு. அந்த எண் நாயின் மூளையைப் பார்த்துச் சொன்னதல்ல. வாரத்துக்கு எத்தனை வகுப்பு, வகுப்புக்கு எவ்வளவு, வீட்டுக்காரர் எத்தனை நாள் முகம் சுளிக்காமல் பணம் கட்டுவார் என்ற கணக்கில் வந்தது. தொழில் என்றால் அப்படித்தான் இருக்கும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. கடைசி வகுப்பு முடிந்த மறுநாள் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இனி நாய் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று வீட்டுக்காரர் உட்கார்ந்துவிடுகிறார். கொஞ்ச நாள் கழித்து அதே நாய் வாசற்கதவு திறந்ததும் தெருமுனைக்கு ஓடுகிறது. "கம், கம்" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொடுத்த காசு தண்டம் என்று அவர் முடிவுகட்டுகிறார்.

தண்டமில்லை. நாய் கற்றது உண்மைதான். ஆனால் ஒன்றைக் கற்பதற்கு ஆகும் காலம் வேறு, கற்றது எந்த இடத்திலும் எந்த நேரத்திலும் கைகொடுக்கும்படி ஊறுவதற்கு ஆகும் காலம் வேறு. முதலாவது சில வாரங்களில் முடிந்துவிடும். இரண்டாவதற்கு, என் கணிப்பில், நாய்க்கு ஒன்றரை வயதாவது ஆக வேண்டும். மாதக் கணக்கில் நாம் கேட்கும் கேள்வி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது.

முதலில், ஒரு நாய் கற்றுவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது? 1933 அக்டோபரில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மவுண்ட் கிஸ்கோ என்ற ஊரில், ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி ஒரு போட்டி நடத்தினார். அவர் பூடில் வளர்ப்பவர். பூடில் என்றால் ரோமத்தைக் கத்தரித்து அலங்காரம் பண்ணிய சொகுசு நாய், தலையில் ஒன்றுமில்லை என்று மற்றவர்கள் கேலி பேசியது அவரை உறுத்தியது. எனவே உருவத்தைப் பார்க்காமல் சொன்னதைச் செய்கிறதா என்று மட்டும் பார்க்கும் போட்டி. 8 நாய்கள் வந்தன. 1936-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இதற்கு அதிகாரபூர்வ விதிகள் வகுத்தது. மறு ஆண்டே வாக்கரும் அவருடைய பயிற்சியாளர் பிளாஞ்ச் சாண்டர்ஸும் ஒரு டிரெய்லர் வண்டியில் பூடில்களை ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கச் சுமார் 10,000 மைல் சுற்றி, கீழ்ப்படிதல் பயிற்சியை மக்கள் முன்னால் நடத்திக் காட்டினார்கள்.

அந்த விதிகளில் என்னைக் கவர்வது ஒன்று. முதல் படியான 'கம்பானியன் டாக்' பட்டத்துக்கு 200-க்கு 170 மதிப்பெண் வேண்டும். அதிலும் ஒவ்வொரு தனிப் பயிற்சியிலும் பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். இப்படி ஒரு தடவை தேறினால் பட்டம் கிடையாது. மூன்று தடவை தேற வேண்டும், மூன்றும் ஒரே நடுவரிடம் இருக்கக் கூடாது. விதி எழுதியவர்கள் நாயையும் அறிந்தவர்கள், நாய்க்காரர்களையும் அறிந்தவர்கள் என்று தெரிகிறது. "நேத்து நல்லா பண்ணுச்சு சார்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நேற்றுச் செய்ததும், இன்று வேறோர் இடத்தில் வேறு ஆள் முன்னால் செய்வதும் ஒன்றல்ல என்பதை மதிப்பெண் முறையிலேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கும் இதே அளவுகோல் போதும். பத்து முறை "சிட்" சொல்லுங்கள், ஒவ்வொன்றும் ஒரே முறை, கையில் தின்பண்டத்தைக் காட்டாமல். எட்டு முறை உட்கார்ந்தால் அந்த இடத்தில் அந்தப் பாடம் தேறியது, கொஞ்சம் கடினமாக்கலாம். ஐந்துக்குக் கீழே போனால் பாடம் கடினமாகிவிட்டது என்று பொருள், ஒரு படி இறங்க வேண்டும். பயிற்சியாளர்கள் பலர் மனத்துக்குள் போடுகிற கணக்கு இது. இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். சொன்ன எத்தனை நொடியில் உட்கார்கிறது? பாடம் தேயத் தொடங்கினால் முதலில் தெரிவது மறுப்பல்ல, தாமதம். ஒரு நொடியில் உட்கார்ந்த நாய் மூன்று நொடி எடுத்துக்கொள்ளும், அக்கம்பக்கம் ஒரு நோட்டம் விட்டுவிட்டு உட்காரும். அதைக் கவனித்தவருக்குப் பின்னால் வரும் பெரிய மறுப்பு ஆச்சரியம் தராது.

சரி, இந்த எட்டை எட்டுவதற்கு எவ்வளவு பயிற்சி? இங்கே டென்மார்க்கில் நடந்த இரண்டு ஆய்வுகள் நம் ஊர்ப் பழக்கத்தைத் தலைகீழாக்குகின்றன. 2008-ல் இபென் மேயர், யான் லேடவிக் இருவரும் அதுவரை எந்தப் பயிற்சியும் பெறாத 18 பீகிள் நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வாரம் ஐந்து நாள் வகுப்பு, மற்றதற்கு வாரத்துக்கு ஒன்றே ஒன்று. பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். வாரம் ஒருமுறை படித்த நாய்கள் குறைந்த வகுப்புகளில் கற்றுக்கொண்டன. வாரக் கணக்கில் அவற்றுக்கு நாள் கூடத்தான் ஆகும். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் அவை எடுத்துக்கொண்டது அதிகம். 2011-ல் லேடவிக்கும் சக ஆய்வாளர்களும் இதை விரித்து, 44 பீகிள்களுக்கு ஒரு கூடைக்குப் போய் அதிலேயே இருக்கச் சொல்லித்தந்தார்கள். இந்த முறை இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: ஒரு நாளில் ஒரு வகுப்பா, அடுத்தடுத்து மூன்றா? வாரத்தில் ஓரிரு நாள், நாளுக்கு ஒரே வகுப்பு என்று கற்றவை முன்னணியில் நின்றன. தினமும் மூன்று வகுப்பு வாங்கியவை கடைசி. நான்கு வாரம் எதுவும் செய்யாமல் விட்டு மறுபடி சோதித்தபோது எல்லா நாய்களும் பாடத்தை நினைவு வைத்திருந்தன.

இவை ஆய்வகத்து நாய்கள், சொல்லித்தந்தது ஒரே ஒரு பாடம் என்பதை மறக்கக் கூடாது. வீட்டில் தினமும் நாலு நிமிடம் சொல்லித்தருவதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மொட்டைமாடியில் வைத்து வறுத்தெடுப்பதற்கு இனி நியாயம் கிடையாது. நாயின் தலைக்குள் பாடம் இறங்குவது வகுப்பு நடக்கும்போது மட்டுமல்ல, வகுப்புக்கு அப்புறமும்தான். ஹங்கேரியில் ஆன்னா கிஷ் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஹங்கேரிய மொழியில் உட்காரவும் படுக்கவும் ஏற்கெனவே தெரிந்த நாய்களுக்கு அதே கட்டளைகளை ஆங்கிலத்தில் கற்றுத்தந்து, தூங்கவைத்து, மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். பாடம் படித்த பிறகு வந்த தூக்கத்தின் அலைகள், படிக்காத நாளின் தூக்கத்திலிருந்து மாறியிருந்தன. பாடம் முடிந்ததும் தூங்கிய நாய்களோடு ஒப்பிட்டால், உடனே இன்னொரு பாடத்தில் இழுத்துவிடப்பட்ட நாய்கள் ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் பின்தங்கின. ஒரு தடவை நன்றாகச் செய்ததும் "இன்னொரு தடவை, இன்னொரு தடவை" என்று பக்கத்து வீட்டாருக்குக் காட்டும் ஆசையை அடக்கிக்கொள்வது கடினம். அடக்கினால் நாய்க்கு நல்லது.

ஆக, கூடத்தில் ஃபேனுக்குக் கீழே, வேறு நாயோ பூனையோ இல்லாத இடத்தில் உட்கார, படுக்க, கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கக் கற்க ஆரோக்கியமான குட்டிக்குச் சில வாரம் போதும். அதோடு நிறுத்தினால் கிடைப்பது கூடத்தில் மட்டும் கீழ்ப்படியும் நாய்.

மனிதக் குழந்தைக்கு ஒரு சொல்லின் பொருள் புரிந்துவிட்டால் யார் சொன்னாலும் எங்கே சொன்னாலும் அது அதேதான். நாய் கற்பது சொல்லை மட்டுமல்ல, அந்தச் சொல் வந்த காட்சியையே மொத்தமாகக் கற்கிறது. உங்கள் தோள் சாய்ந்த விதம், கை போன உயரம், தரையின் வழவழப்பு, நீங்கள் நின்ற தூரம் எல்லாம் சேர்ந்துதான் அதற்குக் கட்டளை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஃபுகுசாவா, மில்ஸ், கூப்பர் ஆகியோர் 2005-ல் இதைச் சோதித்தார்கள். நன்கு பழகிய கட்டளையை ஆள் நேரில் சொல்லாமல் ஒலிப்பதிவாக ஒலிக்கவிட்டபோதே நாய்கள் கீழ்ப்படிவது குறைந்தது. நீங்களே வீட்டில் சோதிக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டோ, முதுகைக் காட்டி நின்றுகொண்டோ "சிட்" சொல்லிப் பாருங்கள். பாதி நாய்கள் விழிக்கும். அது திமிரில்லை, அப்படி ஒரு கட்டளையை அது இதுவரை கேட்டதேயில்லை.

நாயைச் சில வாரம் பயிற்சிக் கூடத்திலேயே விட்டுவைத்து 'ரெடியாக' வாங்கிவரும் ஏற்பாட்டில் எனக்கு நம்பிக்கை வராததற்குக் காரணம் இதுதான். அங்கே நாய் கற்றிருக்கும். ஆனால் அந்தப் பாடத்தில் பயிற்சியாளரின் குரலும் அந்தத் திடலின் புல்லும் கலந்திருக்கும். உங்கள் வீட்டுப் படிக்கட்டும் உங்கள் அம்மாவின் குரலும் அதில் இல்லை. கூடம், மொட்டைமாடி, வாசல், ஆளில்லாத தெரு, மாலை நேரத்துத் தெரு, கால்நடை மருத்துவமனை வராந்தா என்று ஒவ்வோர் இடத்திலும் அதே பாடத்தைக் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்கித்தான் ஆக வேண்டும். ஆறுதல் என்னவென்றால், இடத்துக்கு இடம் ஆகும் காலம் குறைந்துகொண்டே போகும். ஐந்தாறு இடங்கள் தாண்டிய பிறகு, புது இடத்திலும் நாய் முதல் நாளே புரிந்துகொள்ளத் தொடங்கும். பயிற்சியின் பெரும்பகுதி நாள்கள் இதில்தான் செலவாகின்றன, புதுக் கட்டளைகள் கற்பிப்பதில் அல்ல.

இனி இந்த அத்தியாயத்தில் நான் மிக முக்கியமாக நினைக்கும் விஷயம்.

பிரிட்டனில் பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களாகப் போகவிருக்கும் குட்டிகள் தன்னார்வலர்களின் வீடுகளில் வளர்கின்றன. அப்படிப்பட்ட லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், அவற்றின் கலப்புக் குட்டிகளை வைத்து நியூகாசில் பல்கலைக்கழகத்தின் லூசி ஆஷர் குழுவினர் 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 69 நாய்கள். ஐந்து மாத வயதில் ஒருமுறை, எட்டு மாதத்தில் ஒருமுறை "சிட்" சொல்லிச் சோதித்தார்கள். ஒருமுறை வளர்ப்பவர் சொன்னார், இன்னொரு முறை முன்பின் தெரியாதவர். ஐந்து மாதத்தில் கேட்ட அளவுக்கு எட்டு மாதத்தில் நாய்கள் வளர்த்தவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆனால் தெரியாதவர் சொன்னால் கேட்டன. 285 நாய்களைப் பற்றிய கேள்வித்தாள்களும் இதையே சொல்லின. பயிற்சிக்கு இணங்கும் தன்மை எட்டு மாத வாக்கில் சரிந்துவிட்டதாக வளர்த்தவர்கள் மதிப்பெண் போட்டார்கள். அதிகம் பழகாத பயிற்சியாளர்கள் கொடுத்த மதிப்பெண்ணில் அந்தச் சரிவு இல்லை. நாய்க்கு ஒரு வயது ஆனபோது வளர்த்தவர்கள் கொடுத்த மதிப்பெண்ணும் மீண்டுவிட்டது.

வீட்டில் பெற்றவர்களிடம் எரிந்து விழுந்துவிட்டு, எதிர்வீட்டு மாமாவிடம் "சொல்லுங்க அங்கிள்" என்று குழையும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. பருவமடையும் காலத்தில் நாயின் உடலில் ஹார்மோன்கள் பொங்குகின்றன, மூளை தன்னையே மாற்றி அமைத்துக்கொள்கிறது, தாயிடத்தில் இருந்த மனிதரோடு ஓர் இழுபறி நடக்கிறது. வளர்ப்பவரைப் பிரிந்தால் பதறும், பற்று உறுதிப்படாத நாய்களிடம் இந்த இழுபறி கூடுதலாக இருந்ததையும் ஆய்வு காட்டியது. இங்கே கவனிக்க வேண்டியது, நாய் பாடத்தை மறக்கவில்லை என்பது. மறந்திருந்தால் தெரியாதவர் சொன்னதும் உட்கார்ந்திருக்காது.

இப்போது நம் ஊர் நாட்காட்டியை இதன்மேல் வைத்துப் பாருங்கள். குட்டி வீட்டுக்கு வருவது இரண்டு மாதத்தில். தடுப்பூசிகள் முடிந்து வகுப்பு தொடங்கும்போது நான்கு மாதம். மூன்று மாத வகுப்பு முடியும்போது ஏழு. அதாவது, நாய் சொன்ன பேச்சைக் கேட்காத வயதின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, சரியாக அங்கே பயிற்சியை முடித்துவிடுகிறோம். அடுத்த மாதம் அது பேச்சைக் கேட்காதபோது பயிற்சி சரியில்லை என்கிறோம், இல்லாவிட்டால் நாய் சரியில்லை என்கிறோம். நாய்களைக் கைவிடுவதும் கைமாற்றுவதும் பெரிதும் இந்த வயதில்தான் நடக்கின்றன என்று ஆஷரே கவலைப்பட்டிருக்கிறார். நான்கைந்து மாதம் கழித்துத் தானாகச் சீராகும் ஒன்றுக்காக நாய் வீடு மாறுகிறது, அல்லது தெருவுக்குப் போகிறது.

இந்த வயதில் செய்ய வேண்டியது புதுப்பாடம் நடத்துவதல்ல, அடிப்பதும் அல்ல. ஏற்கெனவே தெரிந்ததைச் சுலபமான இடத்தில், சின்னச் சின்னதாக, கூலி குறைக்காமல் தொடர்வது. தெருவில் கீழ்ப்படியவில்லையா, வாசலுக்கு வாருங்கள். வாசலில் இல்லையா, கூடத்துக்கு. எதைச் சொன்னாலும் நடத்திக்காட்ட முடியாது என்று தோன்றும் சமயத்தில் கட்டளையே கொடுக்காமல் இருப்பது உத்தமம். பத்து முறை "கம்" சொல்லி, பத்து முறையும் வராமல் இருந்தால், அந்தச் சொல்லுக்கு அர்த்தமில்லை என்பதைப் பத்து முறை கற்பித்திருக்கிறோம்.

கூலி என்றேன். பயிற்சியை நிறுத்துவது என்றால் பலர் தின்பண்டத்தை நிறுத்துவதைத்தான் நினைக்கிறார்கள். வகுப்பு முடிந்த அன்றே பிஸ்கட் டப்பாவும் மூடப்படுகிறது. இதைவிடப் பாடத்தை வேகமாக அழிக்கும் வழி கிடையாது. எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் எந்த உயிரும் உடனே கண்டுகொள்ளும். சில சமயம் கிடைத்து, சில சமயம் கிடைக்காமல், எப்போது என்று கணிக்க முடியாமல் இருந்தால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். 1939-ல் லாயிட் ஹம்ஃப்ரீஸ் மனிதர்களின் கண்ணிமைத்தலில் இந்த வேறுபாட்டைக் காட்டினார். 1957-ல் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்து இதற்கு ஒரு பெரும் புத்தகமே எழுதினார்கள். லாட்டரிச் சீட்டு விற்பவர்களுக்கு இந்த விஷயம் அதற்கு முன்பே தெரியும். எனவே நாய் தேறிய பிறகு ஒவ்வொரு தடவையும் கொடுப்பதை விட்டு, இரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, சட்டென்று ஒரு நாள் கோழி ஈரல் கை நிறைய என்று ஒழுங்கில்லாமல் மாற்ற வேண்டும். இந்த மாற்றத்துக்கே ஒன்றிரண்டு மாதம் ஒதுக்கலாம்.

"குட் பாய்" என்று பாராட்டினால் போதாதா? எரிக்கா ஃபியூயர்பாக்கர், கிளைவ் வின் இருவரும் 2015-ல் வெளியிட்ட சோதனைகளில், தடவிக்கொடுப்பவர் ஒருவர், வாயால் புகழ்பவர் ஒருவர் என்று இருவரை வைத்தபோது நாய்கள் தடவியவரிடமே போய் நின்றன. வாய்ப் புகழ்ச்சிக்கு அவை காட்டிய ஆர்வம் எதுவுமே செய்யாமல் சும்மா இருந்தவரிடம் காட்டியதைவிட அதிகமில்லை. புகழ்ச்சிக்குப் பின்னால் ஏதாவது வரும் என்று பழக்கியிருந்தால்தான் அதற்கு மதிப்பு.

அதனால் தின்பண்டம் இல்லாத கூலியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாய்க்குப் பிடித்த ஒரு செயலையே பிடிக்காத செயலுக்குக் கூலியாக்கலாம் என்று 1959-ல் டேவிட் ப்ரீமாக் விளக்கினார். சாப்பாட்டுத் தட்டு கீழே இறங்கும் முன் ஒரு "சிட்". கேட் திறக்கும் முன் ஒரு "ஸ்டே". மின்கம்பத்தை மோந்து பார்க்க விடும் முன் நாலடி இழுக்காமல் நடை. இவை வீட்டு வழக்கமாக ஆன நாளில் 'பயிற்சி' என்று தனியாக ஒதுக்கும் நேரத்தை நிறுத்திவிடலாம். அதன் பிறகு வருவது பராமரிப்பு. அது நாயின் ஆயுள் முழுக்க உண்டு, ஆனால் அதற்கென்று கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. வழிகாட்டி நாயோடு வாழும் பார்வையற்றவர்கள், அவ்வளவு பயிற்சி பெற்ற நாய்க்கும் அடிப்படைக் கட்டளைகளை அடிக்கடி பழக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பராமரிப்பு விட்டுப்போனால்? பெரிய நஷ்டம் இல்லை. கூலி நின்று தேய்ந்துபோன பழக்கம் கொஞ்சம் ஓய்வுக்குப் பிறகு தானாகத் திரும்பி வருவதைப் பாவ்லோவ் தன் நாய்களிடம் திரும்பத் திரும்பப் பார்த்தார். அழிந்ததாக நினைத்தது அடங்கித்தான் இருந்தது. மனித நினைவை அளந்த எபிங்காஸ் 1885-லேயே சொன்னதும் இதுதான்: சுத்தமாக மறந்ததாகத் தோன்றுவதை மறுபடி கற்க முதல்முறை ஆன நேரம் ஆவதில்லை. இரும்புத் தோசைக்கல்லும் அப்படித்தான். பழக்குவதற்குத்தான் நாள் பிடிக்கும். இரண்டு மாதம் எடுக்காமல் விட்டால் துருவேறும், ஒட்டும், ஆனால் எண்ணெய் தடவி நாலு தோசை வார்த்தால் பழைய கல் திரும்பிவிடும். வெளியூர்ப் பயணம், பிரசவம், வீடு மாற்றம் என்று பயிற்சி நின்றுபோனவர்கள் முதல் பாடத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒரு வாரம் சுலபமானதைச் செய்தால் போதும்.

அச்சம் மட்டும் விதிவிலக்கு. 1924 செப்டம்பரில் லெனின்கிராடை வெள்ளம் சூழ்ந்தபோது பாவ்லோவின் நாய்கள் கூண்டுகளில் மாட்டிக்கொண்டு, மூழ்கும் நிலையில் மீட்கப்பட்டன. சில நாய்கள் அதுவரை கற்றிருந்தவற்றை அடியோடு இழந்திருந்தன. மெதுவாக மீட்டெடுத்த பிறகும், கதவிடுக்கு வழியாக அறைக்குள் கொஞ்சம் நீரைக் கசியவிட்டதும் அவற்றில் ஒன்று மறுபடி குலைந்துபோனது. தீபாவளி வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாயிடம் "கம்" சொல்லிக் கீழ்ப்படிதலைச் சோதிப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். பயந்த நாய்க்குக் கூடுதல் பயிற்சி மருந்தல்ல. அங்கே பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நன்றாக உட்கார்ந்துகொண்டிருந்த லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ திடீரென்று உட்கார மறுத்தால் இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இனங்களில் அந்தக் கோளாறு சாதாரணம். கூப்பிட்டால் வராத கிழட்டு நாய்க்குக் காது கேட்காமல் இருக்கலாம்.

பயிற்சியே பயத்தை உண்டாக்கினால் அதை எந்த மாதத்திலும் நிறுத்தலாம், பாதிப் பணம் போனாலும் சரி. போர்ச்சுகலில் அனா கத்தரினா வியேரா டி காஸ்ட்ரோ குழுவினர் பயிற்சிப் பள்ளிகளில் படித்த 92 நாய்களை ஆராய்ந்து 2020-ல் எழுதினார்கள். கழுத்தைச் சுண்டி இழுப்பது, மின்அதிர்ச்சிப் பட்டை போன்ற முறைகளில் கற்ற நாய்களின் எச்சிலில் வகுப்புக்குப் பிறகு கார்டிசால் ஏறியிருந்தது. வகுப்பில் அவை உதட்டை நக்கின, கொட்டாவி விட்டன, ஒடுங்கி நின்றன. வகுப்புக்கு வெளியே, உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கிப் போவதிலும் மிகக் கடுமையான முறையில் கற்றவை தயங்கித் தயங்கிப் போயின.

எல்லாக் கட்டளைகளையும் ஒரே அளவு நீட்டிக்கொண்டே போக வேண்டியதில்லை. கைகுலுக்குவது, உருள்வது எல்லாம் விருந்தாளிகளுக்கு. நம் ஊர் வீட்டுக்கு என் பட்டியல் சின்னது: பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பது, கேட் திறந்திருந்தாலும் நிற்பது, தெருவில் கிடக்கும் எலும்பை "விடு" என்றால் விடுவது, இழுக்காமல் நடப்பது, ஊசிக்கும் நகவெட்டுக்கும் உடம்பைத் தொடவிடுவது, கூப்பிட்டால் வருவது. இதில் கடைசி மட்டும் தனி ரகம். உட்காருவதற்குப் போட்டியாக எதுவும் இல்லை. வருவதற்குப் போட்டியாக அணில், குப்பைத்தொட்டி, பருவத்தில் இருக்கும் பெட்டை எல்லாம் நிற்கின்றன. ஒரு பழக்கம் இடைஞ்சலுக்கு எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பது அதற்கு இதுவரை கிடைத்த மொத்தக் கூலியைப் பொறுத்தது என்று ஜான் நெவின் என்ற உளவியலாளர் பல்லாண்டுகள் ஆராய்ந்து நிறுவினார். எனவே "கம்" என்பதற்கு மட்டும் கூலியை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போலக் கண்ணால் கண்டதைத் துரத்துவதற்கென்றே வளர்த்தெடுத்த இனங்களை வேலியில்லாத இடத்தில் நீளக் கயிறில்லாமல் அவிழ்த்துவிடவும் கூடாது, எத்தனை வருடப் பயிற்சி ஆனாலும்.

விரும்பினால் எவ்வளவு தூரம் போகலாம்? அமெரிக்காவின் தென் கரோலைனாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் சேசர் என்ற பார்டர் கோலி நாய்க்குத் தினமும் நான்கைந்து மணி நேரம், மூன்று ஆண்டுகள் பொம்மைகளின் பெயர்களைக் கற்பித்தார். 1,022 பெயர்கள். ஒவ்வொரு பொம்மை மீதும் அதன் பெயரை மையால் எழுதிவைக்க வேண்டியிருந்தது, நாய்க்காக அல்ல, பேராசிரியருக்கு நினைவிருக்காது என்பதால். 2011-ல் வெளியான அந்த ஆய்வில் சேசர் தன் எல்லையைத் தொட்டுவிட்டதாக எந்த அறிகுறியும் இல்லை. நிறுத்தியது மனிதர். அந்த மூன்று ஆண்டுகளை ஒரு குடும்பம் தன் நாய்க்குச் செலவிட வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நாயால் முடியாது என்று நாம் நிறுத்தும் இடங்களில் பலவும் நமக்கு நேரமில்லாத இடங்கள்தான்.

வயதாகிவிட்டது, இனி எங்கே கற்கும் என்பதும் அப்படி ஒரு சாக்கு. வியன்னாவில் லிசா வாலிஸ் குழுவினர் ஐந்து மாதம் முதல் 13 வயது வரையிலான 95 பார்டர் கோலிகளைத் தொடுதிரை முன் நிறுத்திப் படங்களைப் பிரித்தறியக் கற்பித்தார்கள். வயதான நாய்கள் கற்க அதிக நாள் எடுத்துக்கொண்டன. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது, கற்றதை நினைவு வைத்திருந்ததில் சின்னதுக்கும் பெரியதுக்கும் வித்தியாசமில்லை. டொரான்டோவில் மில்கிராம் குழுவினர் கிழட்டு பீகிள்களுக்குச் சத்தான உணவோடு விளையாட்டும் கற்றல் வேலைகளும் தொடர்ந்து கொடுத்துவந்தபோது, மூளை மங்குவது மட்டுப்பட்டதைக் கண்டார்கள்.

உங்கள் நாய் எந்த வயதில் இருந்தாலும் இன்று மாலை நடைக்குக் கிளம்பும் முன் வாசலில் நின்று பத்து முறை சோதித்துப் பாருங்கள், எட்டா ஐந்தா என்று நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவையுங்கள். ஏழெட்டு மாதக் குட்டியாக இருந்து, வகுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது என்றால், அதே பணத்தை வாரம் ஒரு வகுப்பாகப் பிரித்து ஒரு வயது தாண்டும் வரை நடத்தித்தரப் பயிற்சியாளரிடம் கேளுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.